வெளிநாட்டில் மூத்த ஊழியத் தம்பதியரின் ஒரு வாரம்: பிஜியின் சுவா நகரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியக்காரர்கள் என்றதும் வெள்ளைச் சட்டையும் கருப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்து இருவர் இருவராக வீதியில் செல்லும் இளைஞர்களே பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். அதே பெயர்ப்பட்டையை அணிந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட கணவனும் மனைவியுமாக வெளிநாடு செல்லும் மூத்த தம்பதியரைப் பற்றி வெளியே அறிந்தவர்கள் குறைவு. இவர்களின் ஊழியக் காலம் 6, 12, 18 அல்லது 23 மாதங்களாக அமைகிறது. சம்பளம் இல்லை, வாடகையும் உணவும் உட்பட வாழ்க்கைச் செலவைத் தங்கள் சேமிப்பிலிருந்தே அவர்கள் ஏற்கிறார்கள். வீடு வீடாகச் சென்று போதிக்க வேண்டிய கட்டாயமோ, இளம் ஊழியக்காரர்களைப் போல் காலை 6.30 மணிக்கு எழுந்து இரவு 10.30 மணிக்குப் படுக்க வேண்டிய கால அட்டவணையோ இவர்களுக்கு இல்லை. நாளை அமைத்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் அவர்கள் கையிலேயே விடப்படுவதால்தான், புதிதாகச் செல்லும் தம்பதியருக்கு முதல் சில வாரங்கள் திகைப்பாக இருக்கின்றன.

அந்தத் திகைப்பைக் குறைப்பதற்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மூத்த தம்பதியர் வெளிநாடு செல்வது அங்குள்ள சபையைத் தாங்களே நடத்துவதற்காக அன்று. ஏற்கெனவே அதை நடத்திவரும் உள்ளூர் மக்களுக்குத் தோள் கொடுப்பதற்காகவே. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு நாளின் ஏற்பாடும் இந்த ஓர் எண்ணத்திலிருந்தே பிறக்கிறது.

முதற்படி: அழைப்பையும் ஊரையும் அறிந்துகொள்ளுதல்

எல்லா மூத்த தம்பதியரின் வாரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஊழிய அலுவலகத்தில் கணக்கு, வாகனம், விசா ஆகியவற்றைக் கவனிப்பவர்களுக்கு அலுவலக நேரமே வாரத்தின் முதுகெலும்பு. ஞாயிறு கூட்டங்கள் நடக்கும் கட்டடத்திலிருந்து வேறானது ஆலயம்; அது சிறப்புச் சடங்குகளுக்கானது. அங்கே சேவை செய்பவர்களின் வாரம் ஆலயம் திறந்திருக்கும் நாட்களைப் பொறுத்தது. மனிதாபிமானத் திட்டங்களைக் கவனிப்பவர்கள் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்று தேவையைக் கேட்டறிவதிலும் திட்ட அறிக்கை எழுதுவதிலும் நாட்களைச் செலவிடுகிறார்கள். உறுப்பினர்களுக்கும் உள்ளூர்த் தலைவர்களுக்கும் துணைநிற்க அழைக்கப்படுபவர்களுக்கே வாரம் மிகவும் திறந்த வெளியாகக் கிடக்கிறது. பெரும்பாலும் இளம் ஊழியக்காரர்களின் வாடகை வீடுகளைப் பார்வையிடும் பொறுப்பும் அவர்களிடம் சேர்கிறது. இந்தக் கடைசி வகையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். வழிகாட்டல் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

ஊரை அறிவது அடுத்த வேலை. சுவா நகரம் விட்டி லெவு தீவின் தென்கிழக்குக் கரையில், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் பகுதியில் உள்ளது. பன்னாட்டு விமானங்கள் பெரும்பாலும் இறங்கும் நாடி தீவின் மேற்குக் கரையில் இருப்பதால், வந்திறங்கிய களைப்போடு சாலைவழியாகச் சுமார் நான்கு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். முடிந்தால் ஓர் இரவு நாடியிலேயே தங்கிவிடுவது நல்லது. மின்சாரம் 240 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் அங்கிருந்து சமையலறைக் கருவிகளைச் சுமந்து வருவதில் பயனில்லை. வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்லும். நம் நாட்டவருக்கு இது பழக்கமானது. அமெரிக்கர்களோ நெரிசல் இல்லாத ஞாயிறு பிற்பகலில் ஓட்டிப் பழகிய பிறகே வார நாளில் வண்டியை எடுக்க வேண்டும்.

சபையின் வரலாற்றையும் சிறிதாவது அறிந்து செல்ல வேண்டும். பிஜியில் தனி ஊழியப் பகுதி 1971ஆம் ஆண்டிலும், பல உள்ளூர்ச் சபைகளை இணைக்கும் அமைப்பான பிணையம் முதன்முதலாக 1983ஆம் ஆண்டிலும் அமைந்தன. சுவாவில் சமபுலா குன்றின் மேல் நிற்கும் ஆலயம் 2000 ஜூன் 18 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதற்கு ஒரு மாதத்திற்கு முன், மே 19 அன்று, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் நாடாளுமன்றம் கைப்பற்றப்பட்டிருந்ததால், சுமார் 60 பேர் மட்டுமே அந்த நிகழ்வில் கலந்துகொள்ள முடிந்தது. புதுப்பிக்கப்பட்ட ஆலயம் 2016 பிப்ரவரி 21 அன்று மறுபடியும் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய நாள்தான் வின்ஸ்டன் சூறாவளி தீவுகளைத் தாக்கி 44 உயிர்களைப் பறித்திருந்தது. இத்தகைய நாட்களைக் கடந்து வந்த மக்களிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவர்கள் சொல்வதை நெடுநேரம் கேட்பது தகும்.

ஞாயிறு: உதவியாளராக உட்காரும் நாள்

சபையின் வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. 2019 ஜனவரி முதல் ஞாயிறு கூட்டங்கள் இரண்டு மணி நேரமாகச் சுருக்கப்பட்டுள்ளன. முதலில் திருவிருந்துக் கூட்டம். பின்னர் வேத வகுப்பும், பெண்களுக்கான ஒத்தாசைச் சங்கம், ஆண்களுக்கான மூப்பர் குழுமம் போன்ற கூட்டங்களும் நடைபெறும். தம்பதியர் அரை மணி நேரம் முன்னதாகவே சென்றுவிட வேண்டும். உண்மையான உரையாடல்கள் கூட்டத்திற்கு முன்பும் பின்பும் நிகழ்கின்றன. வேலை போய்விட்ட மகனைப் பற்றியும், சர்க்கரை நோயால் காலில் புண் ஆறாத தாயைப் பற்றியும் கதவருகில்தான் சொல்வார்கள்.

எங்கே உட்காருவது என்பதையும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். முன்வரிசையும் மேடையும் வேண்டாம். தனியாக வந்திருக்கும் ஒருவருக்கு அருகிலோ, சிறு குழந்தைகளோடு தடுமாறும் தாய்க்குப் பின்னாலோ அமர்வது மேல். நீண்ட அனுபவமுள்ள வெளிநாட்டவர் வந்திருப்பதைக் கண்டதும், கிளை எனப்படும் சிறிய உள்ளூர்ச் சபையின் தலைவர் பேசவும், வகுப்பு எடுக்கவும், இசைக்கருவி வாசிக்கவும் அழைப்பார். மறுப்பது அவருக்கு மனவருத்தமாகலாம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாலோ பத்தொன்பது வயதில் தடுமாறியேனும் வகுப்பெடுக்கப் பழகியிருக்க வேண்டிய ஓர் உள்ளூர்ப் பெண்ணின் இடத்தை நாம் பிடித்துக்கொண்டவர்கள் ஆவோம். எனவே ஒரு முறை செய்து காட்டுங்கள். இரண்டாம் முறை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூன்றாம் முறை அவர் செய்யட்டும், நீங்கள் பின்வரிசையில் இருங்கள். பாடலைப் பொறுத்தவரை பிஜி மக்களுக்குக் கற்பிக்க வேண்டியது அதிகமில்லை. துணைக்கருவி ஏதுமின்றியே பல குரல்களில் இணைந்து பாடும் மரபு அவர்களுடையது. கீபோர்டு வாசிக்கத் தெரிந்த சகோதரி, வாரத்தில் ஒரு மாலை இரண்டு சிறுவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தால், ஊழியம் முடிந்து அவர் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கிளையில் இசை நிற்காது.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. உறுப்பினர்கள் இரண்டு வேளை உணவைத் தவிர்த்து, அதற்கு ஈடான தொகையை ஏழைகளுக்கான காணிக்கையாகக் கொடுப்பார்கள். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்ளும் மூத்தவர்கள் காணிக்கையைக் கொடுத்துவிட்டு உணவைத் தவிர்க்காமல் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கூட்டம் முடிந்ததும் மதிய உணவுக்கு அழைப்பு வரும். மண்ணில் குழி தோண்டிச் சுட்ட கற்களின் மேல் வேகவைக்கும் லோவோ உணவும், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையும் அன்புடன் பரிமாறப்படும். அந்தக் குடும்பத்தின் வாரச் செலவில் பெரும் பகுதி அந்த ஒரு வேளைக்குப் போயிருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்து, அரிசி, பழம், கோழி என்று ஏதேனும் ஒன்றை முன்கூட்டியே கொண்டு சென்று சமையலறையில் இருக்கும் பெண்மணியிடம் அமைதியாகக் கொடுத்துவிட வேண்டும்.

திங்கள்: ஆயத்த நாள்

திங்கட்கிழமை துணி துவைக்கவும், வீட்டைச் சுத்தம் செய்யவும், குடும்பத்தோடு பேசவும் ஒதுக்கப்பட்ட நாள். பிஜியின் நேரம் அமெரிக்காவின் யூட்டா மாநில நேரத்தைவிடக் குளிர்காலத்தில் 19 மணி நேரமும், கோடையில் 18 மணி நேரமும் முன்னால் செல்கிறது. அதனால் சுவாவில் திங்கள் காலை 9 மணி என்பது அங்கே ஞாயிறு பிற்பகல். பேரப்பிள்ளைகள் ஞாயிறு கூட்டத்திற்கு உடுத்திய உடையைக் கழற்றிவிட்டு வீட்டில் இருக்கும் நேரம். தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களுக்கோ நேரக் கணக்கு வேறு: சுவாவின் பிற்பகல் 3.30 மணி நமக்குக் காலை 9 மணி. எந்த நேரமானாலும் அதை வாராவாரம் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியின் அழைப்பு எப்போது வரும் என்று தெரிந்திருந்தால் குழந்தைகள் சொல்வதற்குச் செய்திகளைச் சேர்த்து வைப்பார்கள்.

குடும்பத்தாருக்கு வாரக் கடிதம் எழுதும் வழக்கம் நல்லது. ஆனால் உள்ளூர்க் குடும்பங்களின் வறுமை, நோய், மணமுறிவு ஆகியவற்றை அதில் எழுதுவதும், அவர்களுடைய குழந்தைகளின் படங்களைப் பரப்புவதும் கூடாது. அவர்கள் நம்மை வீட்டிற்குள் அனுமதித்தது நம்பிக்கையால். அந்த நம்பிக்கையைக் காப்பதும் ஊழியத்தின் பகுதியே. மழைக்காலத்தில் துணி உலர இரண்டு நாட்கள்கூட ஆகும் என்பதால் ஞாயிறுக்கான சட்டையைத் திங்களன்றே துவைத்துவிடுங்கள்.

செவ்வாய்: இளையவர்களின் கூட்டம்

செவ்வாயன்று இளம் ஊழியக்காரர்கள் சிறு குழுவாகக் கூடி, யாருக்குப் போதிக்கிறோம், எங்கே தடை இருக்கிறது என்று கலந்தாலோசிப்பார்கள். கூட்டத்தை நடத்துபவருக்கு இருபது வயதுதான் இருக்கும். நாற்பதாண்டுப் பணி அனுபவமுள்ள மூத்தவருக்கு அங்கே திருத்திச் சொல்லத் தோன்றுவது இயல்பு; அடக்கிக்கொள்வது அவசியம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கூட்டம் முடிந்தபின் ஏதேனும் சாப்பிடக் கொடுத்து, யார் இளைத்திருக்கிறார், யார் சிரிக்கவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்று பாருங்கள். வீட்டை விட்டு வந்து சில மாதங்களே ஆன இளைஞன் தன் சோர்வை ஊழியத் தலைவரிடம் சொல்லத் தயங்கினாலும், இட்ட உணவைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மூத்த சகோதரியிடம் சொல்லிவிடுவான். அதைக் கேட்டறிந்து, தேவையானால் தலைவருக்கும் அவர் மனைவிக்கும் தெரிவிப்பது வேறு எவராலும் செய்ய முடியாத பணி.

புதன்: வீடுகளைப் பார்வையிடுதல்

இந்த நாளுக்கு நேரமும் கருவிகளும் அதிகம் வேண்டும். இளம் ஊழியக்காரர்களின் இடமாற்றம் வழக்கமாக ஆறு வாரங்களுக்கு ஒருமுறை நடப்பதால், அந்தச் சுற்றுக்குள் எல்லா வீடுகளையும் பார்த்துவிடும்படி வரிசை அமைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளே அவர்களுக்குச் சொல்லிவிட்டுச் செல்வது மரியாதை. திடீர்ச் சோதனையாக இது மாறக்கூடாது.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது தூய்மையை அல்ல, பாதுகாப்பையே. புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்கலம் தீர்ந்திருந்தால் அங்கேயே மாற்றுங்கள். சமையல் எரிவாயுக் குழாயில் விரிசல் உள்ளதா, உருளை காற்றோட்டமான இடத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். கதவின் தாழ்ப்பாளும் ஜன்னல் கம்பிகளும் உறுதியாக இருக்க வேண்டும். அதே வேளையில் தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழியும் இருக்க வேண்டும். ஜன்னல் வலையில் கிழிசல் இருந்தால் தைத்துவிடுங்கள், ஏனெனில் டெங்கு அங்கே உண்மையான ஆபத்து. அதே காரணத்துக்காகப் பின்புறத்தில் கிடக்கும் வாளி, டயர், தேங்காய் மட்டை ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டச் செய்யுங்கள். வெள்ளத்திற்குப் பின் சேற்றுநீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நினைவூட்டுங்கள். தண்ணீர் வடிகட்டியின் உட்பகுதியை மாற்றிய நாளை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். ஈரப்பதம் மிகுந்த ஊரில் பூஞ்சை அடியில்தான் படரும்.

கடைசியாகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கலாம். அதில் ரொட்டியும் சட்னி பாட்டிலும் மட்டும் இருந்தால் கண்டிப்பதற்குப் பதிலாக, அங்கேயே அடுப்பைப் பற்றவைத்து, பருப்பும் சோறும் செய்யும் எளிய முறையை அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவது பயனுள்ளது. வீட்டு உரிமையாளரோடு பேச வேண்டியிருந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். பேசியதைக் குறித்துவைத்து அலுவலகத்திற்கு அனுப்புங்கள்.

சுவாவுக்கு வெளியே நௌசோரி, கோரோவோ வழியாக வடக்கே செல்லும் கிங்ஸ் சாலையில் போகும் நாட்களில், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும்படி புறப்படுங்கள். கிராமங்களை ஒட்டிய வேகத்தடைகளும், மழைக்குப் பின் திறந்துகொள்ளும் குழிகளும், சாலையில் நிற்கும் மாடுகளும் இருட்டில் தெரியா.

வியாழன்: ஆலயமும் ஒரு வெற்றுப் பிற்பகலும்

ஆலயத்திற்கு அருகில் வாழும் வாய்ப்பு கிடைத்தவர்கள் வியாழன் காலையை அதற்கு ஒதுக்கலாம். வெளித்தீவுகளிலிருந்து கப்பலில் வரும் குடும்பங்களுக்குத் தங்குமிடத்திலும் குழந்தைகளைக் கவனிப்பதிலும் துணை தேவைப்படும்.

பிற்பகலில் எதையும் எழுதாதீர்கள். இதை நான் மிகுந்த அழுத்தத்துடன் சொல்கிறேன், ஏனெனில் வேலை செய்தே பழகியவர்கள் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிவிட்டு, யாரேனும் கதவைத் தட்டும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு பிற்பகல்கள் எவருக்கும் கிடைக்கும்படி இருக்க வேண்டும். யாரும் வராவிட்டால் தூங்குங்கள், அல்லது இருவருமாகக் கடற்கரைச் சுவரோரம் நடந்துவிட்டு வாருங்கள். வீட்டில் ஆளுக்கொரு அறையும் நண்பர் வட்டமும் இருந்தவர்கள், இங்கே நாள் முழுவதும் ஒரே வண்டியில், ஒரே அலுவலில், ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் இருக்க நேர்கிறது. அதனால் தினமும் ஒரு மணி நேரமாவது தனித்தனியாகப் படிக்கவோ எழுதவோ இடம் கொடுத்துக்கொள்வதும், அன்றைய மனத்தாங்கலை அன்றே பேசித் தீர்ப்பதும் வேண்டும்.

வெள்ளி: கிராமமும் வகுப்பும்

வெள்ளியன்று வீடுகளைச் சந்திக்கச் செல்லலாம். பிஜிக் கிராமத்திற்குள் முன்னறிவிப்பின்றி நுழைவது மரியாதைக் குறைவு. வெளியாட்கள் கிராமத் தலைவரைச் சந்தித்து, கவா பானம் தயாரிக்க உதவும் யங்கோனா வேர்க்கட்டை அளித்து அனுமதி பெறும் செவுசெவு என்ற வழக்கம் உண்டு. இதைத் தாங்களாகச் செய்ய முயலாமல் உள்ளூர்க் கிளைத் தலைவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எதை அளிப்பது, எதை அருந்துவது, எதைத் தவிர்ப்பது என்பதை அவர் சொல்படி செய்யுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள். கிராமத்திற்குள் தொப்பியையும் கருப்புக் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். வாசலில் காலணியைக் கழற்றிப் பாயில் அமருங்கள்.

மாலையில் சபையின் தற்சார்பு வகுப்பு நடத்தும் கிளைகள் உண்டு. குடும்ப வரவு செலவு, சிறுதொழில், வேலைதேடல், கல்வி என்று பிரிவுகள் உள்ள இதில் ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. கூட்டத்தை வழிநடத்துபவர் மட்டுமே உண்டு. அந்தப் பொறுப்பையும் உள்ளூர்க்காரரிடம் விட்டுவிட்டு, நீங்கள் கணக்கு நோட்டில் கோடு போடக் கற்றுக்கொடுப்பவராக அருகில் இருங்கள்.

பணம் கேட்கும் சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் இத்தகைய சந்திப்புகளில்தான் வருகின்றன. பள்ளிக் கட்டணம், மருந்து, கூரைத் தகடு என்று கேட்கும் தேவை மெய்யானது, கேட்பவர் அன்புக்குரியவர், நம் பையிலோ பணம் இருக்கிறது. இருந்தாலும் தனிப்பட்ட முறையில் கொடுக்கவோ கடன் தரவோ கூடாது என்பதே சரி என்று நான் நினைக்கிறேன். ஒரு குடும்பத்திற்குக் கொடுத்தது அடுத்த நாளே கிளை முழுவதும் தெரிந்துவிடும். உபவாசக் காணிக்கையிலிருந்து உதவி வழங்கும் பொறுப்புடைய, பெரிய உள்ளூர்ச் சபையை நடத்தும் ஆயரும் கிளைத் தலைவரும் ஓரங்கட்டப்படுவார்கள். அடுத்து வரும் தம்பதியரிடமும் அதே எதிர்பார்ப்பு நிற்கும். கேட்பவரைத் தனியே அனுப்பிவிடாமல், அவரோடு சென்று கிளைத் தலைவரைச் சந்திக்க நேரம் வாங்கிக்கொடுங்கள். உங்கள் பணத்தைக் கொடுக்க விரும்பினால் உபவாசக் காணிக்கையைத் தாராளமாகக் கூட்டிக்கொடுங்கள். அது பெயர் தெரியாமல் போய்ச் சேரும்.

சனி: சந்தை, திருமுழுக்கு, அடுத்த வாரம்

சுவா நகராட்சிச் சந்தை சனிக்கிழமை காலையில் நிரம்பி வழியும். சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் பப்பாளியும் கூறு கூறாகக் குவித்து விற்கப்படும். இந்திய வம்சாவளி வியாபாரிகளிடம் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும்கூடக் கிடைக்கும். 1903ஆம் ஆண்டு முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தென்னிந்தியரின் வழிவந்தவர்கள் இன்றும் அத்தீவுகளில் வாழ்கிறார்கள். தமிழர்களான ஊழியத் தம்பதியருக்கு இங்கே உரையாடல் எளிதில் தொடங்கும். மொழி பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தாலும் ஊர்ப்பெயரையும் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. குடும்ப வரலாற்றைத் தேட உதவும் சபையின் பணிக்கு இது நல்ல வாசல்.

திருமுழுக்குகள் பெரும்பாலும் சனியன்று நடக்கும். தொட்டியில் நீர் நிரம்ப நேரமாகும் என்பதால் யார் முன்னதாகச் சென்று குழாயைத் திறப்பது என்று வெள்ளியன்றே கேட்டுவிடுங்கள். மாலையில் கிளைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த வாரம் உங்களுக்கு எது சுமையாக இருந்தது, அடுத்த வாரம் யாரைச் சந்திக்கச் சொல்கிறீர்கள், நாங்கள் செய்துவரும் எதை நிறுத்த வேண்டும்? மூன்றாவது கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். முதல் சில வாரங்கள் அவர் மரியாதைக்காக ஒன்றுமில்லை என்பார், பிறகு உண்மையைச் சொல்லத் தொடங்குவார்.

வழக்கம் குலையும் வாரங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். அதற்கு முன்பே குடிநீர், உலர் உணவு, விளக்கு, மின்னேற்றக் கருவி, குறைந்தது ஒரு மாத மருந்து, கடவுச்சீட்டின் நகல், கைப்பணம் ஆகியவற்றை நீர் புகாத பையில் வைத்துவிடுங்கள். வின்ஸ்டனின்போது சபைக் கட்டடங்கள் மக்களுக்குப் புகலிடமாயின. எனவே உங்கள் கிளைக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

ஊழியத்தின் கடைசி இரண்டு மாதங்களில் வாரந்தோறும் ஒரு மணி நேரத்தை ஒப்படைப்புக் குறிப்பேட்டிற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வாடகை வீட்டிற்கும் செல்லும் வழி, உரிமையாளரை அணுகும் முறை, வடிகட்டி கிடைக்கும் கடை, வண்டியைப் பழுதுபார்ப்பவர் ஆகியவற்றை எழுதுங்கள். உறுப்பினர்களின் அந்தரங்கத்தை எழுதாதீர்கள். அடுத்த தம்பதியர் உடனே வருவார்கள் என்பதற்கு உறுதியில்லை, பல இடங்களில் மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. ஆகவே குறிப்பேட்டின் ஒரு பிரதியை ஊழிய அலுவலகத்திலும், வீடுகளைப் பார்வையிடப் பழக்கிய உள்ளூர்த் தம்பதியர் ஒருவரிடம் மற்றொரு பிரதியையும் கொடுத்துவிட்டு, கடைசிச் சுற்றை அவர்களையே நடத்தச் சொல்லி நீங்கள் உடன் செல்லுங்கள்.